கூத்துமேடையில் முகவீணை

நம் நாட்டு இசைக்கருவிகளுள், பெயரைக் கேட்டு உருவத்தை ஊகிப்போரை ஏமாற்றும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் முகவீணை. வீணை என்றவுடன் குடமும் தண்டியும் நரம்பும் நம் நினைவுக்கு வருகின்றன. முகவீணையில் நரம்பும் இல்லை; குடமும் இல்லை. அஃது ஏறக்குறைய ஓரடி நீளமுள்ள ஒரு மரக்குழல். வாயில் வைத்து ஊதப்படுவது. முகம் என்னும் சொல்லுக்கு வாய் என்பதும் ஒரு பொருள். ஆதலின், வாயால் இசைக்கும் வீணை என்று கருதி முன்னோர் இப்பெயரை இட்டனர் போலும்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவன். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்னும் பாகுபாட்டை நடத்தும்போதெல்லாம், "முகவீணை எவ்வகையைச் சாரும்?" என்று ஒரு வினாவை வேண்டுமென்றே கேட்பது என் வழக்கம். வகுப்பு முழுதும் ஒரே குரலில் "நரம்புக்கருவி" என்று விடை கூறும். நான் புன்னகையுடன் திருத்துவேன். 1996ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் மட்டும் எழுந்து, "துளைக்கருவி ஐயா" என்றான். எவ்வாறு அறிந்தாய் என்று கேட்டேன். "எங்க அப்பா ஊதுறாருங்க ஐயா" என்றான். அந்த மாணவனைப் பற்றிப் பின்னர் கூறுவேன். முதலில் கருவியைப் பற்றிச் சிறிது காண்போம்.

நாகசுரத்தை அறியாத தமிழர் இலர். முகவீணையை நாகசுரத்தின் தம்பி என்று கூறிவிடலாம். இரண்டிற்கும் அமைப்பு ஒன்றே. மேல்முனையில் குறுகித் தொடங்கிக் கீழே செல்லச் செல்ல அகலும் மரக்குழல், விரல் வைப்பதற்குரிய துளைகள், வாயில் வைத்து ஊதும் சீவாளி ஆகியவையே அவ்வமைப்பு. சீவாளி என்பது இரண்டு மெல்லிய இதழ்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் சிறு பொருள். மூச்சு அவற்றின் இடையே புகும்போது இதழ்கள் துடிக்கின்றன. அத்துடிப்பே குழலினுள் நாதமாகிறது. குழல் குறுகத் தொடங்கி அகல்வதால் ஒலி கூர்மை பெற்று நெடுந்தொலைவு செல்கிறது. துளையை முழுதும் மூடாமல் பாதி மூடியும், உதட்டின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும், ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்கு வழுக்கிச் செல்ல இக்கருவியால் இயலும். நம் இசையின் உயிர் என்று கூறப்படும் கமகம் இந்த வழுக்கலில்தான் பிறக்கிறது. நாகசுரம் இரண்டரை அடி நீண்டு கம்பீரமாக ஒலிப்பது. முகவீணை குழல் குறுகியதாதலின் உச்சத்தில் ஒலிப்பது. அண்ணன் ஆண்குரல் என்றால், தம்பி இன்னும் குரல் உடையாத சிறுவனின் குரல்.

இத்தகைய இரட்டைச் சீவாளிக் குழல்கள் உலகெங்கும் பரவியுள்ளன. வடநாட்டு ஷெனாயும், மேற்கு ஆசியாவின் சுர்ணாவும், ஐரோப்பாவின் பழைய ஷாமும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டு அரசவையில் ஷாமைத் திருத்தி ஓபோ என்னும் கருவியை உருவாக்கினர். திறந்த வெளியில் முழங்கிய குழலை மண்டபத்திற்குள் அழைத்துவர அதன் குரலை மென்மைப்படுத்த வேண்டியிருந்தது. நம் முகவீணையோ திறந்த வெளியைவிட்டு நீங்கவில்லை. இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

முற்காலத்தில் முகவீணைக்கு இரண்டு மேடைகள் இருந்தன. ஒன்று சதிர், மற்றொன்று தெருக்கூத்து. கோயில்களில் நாகசுரமும் தவிலும் சேர்ந்த குழுவைப் பெரிய மேளம் என்றும், சதிராட்டக் குழுவைச் சின்ன மேளம் என்றும் வழங்கினர். சின்ன மேளத்தில் ஆடும் மங்கைக்குப் பின்னே மத்தளக்காரரும் தாளக்காரரும் முகவீணைக்காரரும் நின்றுகொண்டே வாசிப்பர். அவள் முன்செல்ல முன்செல்வர், பின்வரப் பின்வருவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறலாயிற்று. 1700ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் டென்னர் என்பார் உருவாக்கிய கிளாரினெட், ஐரோப்பியப் பாண்டு வாத்தியங்களுடன் நம் நாட்டுக்கு வந்தது. அது சதிரில் முகவீணையின் இடத்தைப் பிடித்தது. பின்னர் 1936இல் தோன்றிய கலாக்ஷேத்திரம் போன்ற நிறுவனங்களின் வழியே அந்த ஆட்டம் பரதநாட்டியம் என்னும் பெயருடன் அரங்கேறியபோது, கிளாரினெட்டும் விலக, புல்லாங்குழல் வந்தமர்ந்தது. இவ்வாறு முகவீணை இழந்த மேடை ஒன்று. எஞ்சிய மேடை தெருக்கூத்து.

தெருக்கூத்தின் தாயகம் எது என்று கேட்டால், பழைய வடஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்கள் என்று விடை கூறலாம். என் வாழ்வு முழுதும் கழிந்த நிலப்பகுதி இதன் நடுவே உள்ளது. புளியமரங்கள் அடர்ந்த காடாக இருந்தமையால் திந்திரிணிவனம் எனப் பெயர் பெற்ற திண்டிவனம் ஒருபுறம். ஐந்து திசைகளில் இரும்புப்பாதை பிரியும் விழுப்புரம் மறுபுறம். இடையே ஏரிகளும் மணிலாக்கொல்லைகளும் சிற்றூர்களும். 1993இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டு விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் என்பது மரபு. அத்திருமுனைப்பாடி நாடு இவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியில் இருக்கும் திரௌபதியம்மன் கோயிலே பிற கோயில்களுக்கெல்லாம் மூத்தது என்று இப்பகுதி மக்கள் போற்றுகின்றனர்.

பங்குனி தொடங்கி ஆடி வரையில் எங்கள் ஊர்களில் திரௌபதியம்மன் திருவிழாக்கள் நடைபெறும். பகலில் பாரதப் பிரசங்கியார் கதையை விரித்துரைப்பார். இரவில் அக்கதையே கூத்தாக ஆடப்பெறும். அர்ச்சுனன் தபசும், துகிலுரிதலும், கர்ண மோட்சமும், இறுதியில் மண்ணால் துரியோதனன் உருவம் அமைத்து நிகழ்த்தும் படுகளமும் இத்திருவிழாவின் உறுப்புகள். இதனை வெறும் பொழுதுபோக்கு என்று எவரும் கருதார். கூத்து ஆடினால் மழை பொழியும் என்பது எங்கள் முதியோரின் நம்பிக்கை.

மேனாட்டில், உரையாடலைப் பேசாமல் பாட்டாலேயே கதையை நடத்தும் நாடகத்தை ஆப்பரா என்பர். நம் தெருக்கூத்தும் பெரும்பாலும் அத்தகையதே. வசனம் உண்டு, கட்டியக்காரனின் நகைச்சுவையும் உண்டு. எனினும் கதையைத் தாங்கிச் செல்வது பாட்டுத்தான். ஆப்பராவிற்கு அரங்கின்முன் வாத்தியக் குழு அமர்ந்திருப்பது போலக் கூத்துக்குப் பின்னால் ஒரு விசுப்பலகை. அதில் ஆர்மோனியமும் மத்தளமும் டோலக்கும் கைத்தாளமும் முகவீணையும். பின்பாட்டுக்காரரும் அங்கேயே இருப்பர்.

இக்குழுவில் முகவீணை செய்யும் பணி யாது? இதனை நான் நூலில் கற்கவில்லை. சிறுவனாக இருந்தபோது, அறுவடை முடிந்த களத்தில் தந்தையாரின் பாய்மீது அமர்ந்து கற்றேன். எங்கள் ஊருக்கு வரும் குழுவில் முகவீணை ஊதியவர் மெலிந்த உடலும் குழிந்த கன்னமும் உடையவர். ஊதும்போது அக்கன்னங்கள் இரண்டும் தேங்காய் மூடிகள் போல் உப்பும். எங்களுக்கு அது நகைப்பாக இருந்தது. ஊரார் அவரைப் பெயரிட்டு அழைத்து நான் கேட்டதில்லை. பீப்பீக்காரர் என்றே அழைத்தனர். அவர் இடுப்புத் துணியின் முடிச்சில் மாற்றுச் சீவாளிகள் சிலவும் ஓர் ஊசியும் எப்பொழுதும் இருக்கும். பாட்டு இல்லாத வேளையில் சீவாளியை எச்சிலால் நனைத்து, இதழை ஊசியால் சற்றே விரித்து, மீண்டும் நனைத்துக்கொண்டிருப்பார்.

இரவு ஒன்பது, பத்து மணியளவில் களரி கட்டுதல் என்னும் தொடக்க வாசிப்பு நிகழும். மத்தளமும் டோலக்கும் முழங்க, அவற்றின் மேலே முகவீணை எழும்பும். முழவொலி ஊரளவில் நிற்கும். முகவீணையின் ஒலியோ வயல்களைத் தாண்டி அடுத்த ஊருக்கும் செல்லும். அவ்வொலி கேட்ட பின்னரே பக்கத்து ஊரார் அரிக்கேன் விளக்குடன் வரப்பில் புறப்படுவர். இஃது அதன் முதற்பணி.

இரண்டாவது பணி, வேடம் வருமுன் அதனை அறிவித்தல். இருவர் ஒரு திரைத்துணியைப் பிடித்திருப்பர். அதன் பின்னே நின்று வேடதாரி திரை விருத்தம் பாடுவார். கிரீடத்தின் நுனி மட்டும் நமக்குத் தெரியும். அவர் பாடும் ஒவ்வோர் அடியின் முடிவையும் முகவீணை வாங்கி நீட்டும். வருவது துரியோதனனாயின் அந்நீட்டலில் ஒரு முறுக்கு இருக்கும்; திரௌபதியாயின் ஒரு நடுக்கம் இருக்கும். திரை விலகுமுன்பே குழந்தைகளாகிய நாங்கள், வருபவர் யாவர் என்று கூறிவிடுவோம்.

மூன்றாவது பணியே தலையாயது. கூத்தாடுவோர் மரத்தாலான கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப்பதக்கமும் தரித்துக் குதித்துச் சுழன்று ஆடிக்கொண்டே உச்சக் குரலில் பாட வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், திறந்த வெளியில், ஆயிரம் பேருக்கு எட்டுமாறு பாட வேண்டும். ஓர் அடியைப் பாடிச் சுழன்று நிற்கும்போது அவர்களுக்கு மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில் பின்பாட்டுக்காரர் அடியை எடுப்பர். அவர்கள் குரலுக்கு மேலே முகவீணை அதே அடியைப் பாடும். நடிகருக்கு மூச்சுத் திரும்புகிறது. சுருதியும் நழுவாமல் நிற்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு எத்தகைய தொண்டையும் தளரும். அவ்வேளையில் நடிகர் விட்ட குரலை முகவீணை ஏந்திக்கொள்ளும். காண்போருக்கு வேறுபாடு தோன்றாது. ஆகவே, முகவீணையைக் கூத்தின் இரண்டாம் குரல் என்று கூறுவது மிகையன்று.

துகிலுரிதல் கூத்தில் ஓரிடம். திரௌபதி சபையில் நின்று ஒவ்வொருவராக முறையிடுகிறாள். பீஷ்மர் வாய்திறவார், துரோணர் வாய்திறவார், கணவர் ஐவரும் தலைகுனிந்து நிற்பர். அவள் குரல் தேய்ந்து நின்றுவிடும். மத்தளமும் ஓய்ந்துவிடும். அந்த அமைதியில் முகவீணை மட்டும் சிறிது நேரம் ஒலிக்கும். அஃது இன்ன இராகம் என்று எனக்கு அப்போது தெரியாது. என்னருகே அமர்ந்திருந்த என் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மட்டும் அறிவேன். சொல் முடிந்த இடத்தில் ஊதுபவன் தொடங்கினான். நாடகத்தில் இசைக்கு இதனினும் பெரிய வேலை ஏது?

இதனை ஒத்த ஒரு காட்சி மேனாட்டு ஆப்பராவிலும் உண்டு. ரிச்சர்டு வாக்னர் என்னும் ஜெர்மானிய இசையறிஞர் இயற்றிய 'டிரிஸ்டனும் இசோல்டேயும்' 1865இல் மியூனிக் நகரில் அரங்கேறியது. அதன் மூன்றாம் அங்கத்தில், காயமுற்ற தலைவன் கடற்கரைக் கோட்டையில் கிடக்கிறான். தலைவியின் கப்பலுக்காகக் காத்திருக்கிறான். கடலைப் பார்த்திருக்கும் இடையன் ஒருவன் குழல் ஊதுகிறான். துயரப் பண் ஊதினால் கப்பல் இன்னும் தென்படவில்லை என்பது பொருள். மகிழ்ச்சிப் பண் ஊதினால் கப்பல் வருகிறது என்பது பொருள். துயரப் பண் ஒலிக்கும்போது பெரிய வாத்தியக் குழு முழுதும் வாய்மூடி இருக்க, ஓபோ குடும்பத்தைச் சேர்ந்த இங்கிலீஷ் ஹார்ன் என்னும் குழல் ஒன்று மட்டும் தனித்து ஒலிக்கிறது. நம் திரௌபதியின் சபையில் நிகழ்வது போன்றே அங்கும் நிகழ்கிறது. மகிழ்ச்சிப் பண்ணுக்கு வேறொரு மரக்குழல் வேண்டுமென்று வாக்னர் விரும்பினார். பிற்காலத்தில் சில அரங்குகளில் அதற்காக ஹங்கேரி நாட்டின் தாரகோட்டோ என்னும் குழலையும் கையாண்டனர்.

மற்றொரு செய்தியையும் கூறவேண்டும். ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹெக்கல் என்பாரின் பட்டறையில் 1904இல் ஹெக்கல்போன் என்னும் இரட்டைச் சீவாளிக் குழல் உருவாயிற்று. ஓபோவைவிட ஒரு ஸ்தாயி தாழ ஒலிப்பது அது. 1905இல் டிரெஸ்டன் நகரில் அரங்கேறிய 'சலோமே' என்னும் ஆப்பராவிலும், 1909இல் அங்கேயே அரங்கேறிய 'எலெக்ட்ரா'விலும் ரிச்சர்டு ஸ்டிராஸ் அதனைப் பயன்படுத்தினார். ஹெக்கல்போன்கள் மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே செய்யப்பட்டன. ஊதத் தெரிந்தவரும் சிலரே. எனினும் அக்கருவி அழியவில்லை. ஏன்? ஸ்டிராஸ் எழுதிய இசையேட்டில் அதன் பெயரும், அது வாசிக்கவேண்டிய ஒவ்வொரு சுரமும் எழுதப்பட்டிருக்கின்றன. நூறாண்டு கடந்தும், சலோமேயை அரங்கேற்ற விரும்பும் எவரும் அந்தப் பக்கத்தைப் புரட்டியே ஆகவேண்டும். 'ஹெக்கல்போன்' என்னும் சொல் அவர்களை நோக்கி வினவும். அவர்கள் ஊதுபவரைத் தேடிச் செல்லலாம். அல்லது வேறு கருவியை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்பதை அறியாமல் இருக்க அவர்களால் இயலாது.

முகவீணைக்கு இத்தகைய ஏடு இல்லை. கூத்தின் பாட்டுகள் ஏட்டில் உண்டு. குஜிலிப் பதிப்புகளாக அச்சிலும் வந்துள்ளன. அவற்றில் இராகமும் தாளமும்கூடக் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால், 'இவ்விடத்தில் முகவீணை' என்று எழுதியவர் எவரும் இலர். எழுத வேண்டியதில்லை என்று கருதினர். அஃது ஊதுபவரின் மூச்சில் இருந்தது. அவர் மகனின் காதில் இருந்தது. ஆகவே ஊதுபவர் ஒருநாள் வாராவிட்டால், காலியான இடம் எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை.

அந்த இடத்தை நிரப்ப ஆர்மோனியம் அருகிலேயே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பாரிஸ் நகரில் தெபேன் என்பார் அமைத்த கருவி அது. கால்மிதியால் இயங்கிய அதனைக் கையால் துருத்தி இயக்கித் தரையில் அமர்ந்து வாசிக்கத்தக்கதாகக் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் மாற்றியமைத்தார். நாடகக் கம்பெனிகள் அதனை ஊர் ஊராகக் கொண்டுசென்றன. 1922இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்து நாடக மேடையில் ஆர்மோனியக்காரருக்கே முதல் மரியாதை. அங்கிருந்து அது கூத்தின் விசுப்பலகையிலும் ஏறிற்று. நடிகருக்குச் சுருதி காட்டியது, சீவாளியைப் போல உலர்ந்து போகவில்லை, கற்பதற்கும் எளிதாயிருந்தது. அதன் நன்மையை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதன் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் நிற்கும் சுரங்கள். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல அதற்கு வழியில்லை. இக்குறையை முன்னிட்டு அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்திற்குத் தடை விதித்தது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. வானொலி நிலையம் வாயிலில் நிறுத்திய கருவி கூத்துக்களத்தில் தடையின்றி அமர்ந்திருந்தது. பின்னர் ஒலிபெருக்கியும் வந்தது. அடுத்த ஊருக்கு எட்டும் ஒலிக்கு இனி முகவீணை வேண்டியதில்லை என்று பலரும் எண்ணினர்.

இனி, நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட மாணவனிடம் வருகிறேன்.

அவன் அறிவுள்ள பிள்ளை. ஆயினும் திருவிழாக் காலத்தில் வகுப்பில் உறங்கிவிடுவான். விசாரித்ததில், இரவெல்லாம் தந்தையுடன் கூத்துக்குச் சென்று முகவீணை ஊதக் கற்கிறான் என்று தெரிந்தது. தந்தையை அழைத்துவரச் செய்தேன். அவர் செருப்பைக் கழற்றி வாயிலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார். நான் நாற்காலியில் அமர்ந்தவாறே கூறினேன்: "பையன் நன்றாகப் படிக்கக்கூடியவன். பீப்பீ ஊதி என்ன காணப்போகிறான்? உங்களுக்கு என்ன கிடைத்தது? அவனையாவது விட்டுவிடுங்கள்." அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "நீங்க சொன்னா சரிங்க ஐயா. எனக்கப்புறம் எங்க செட்டுல இத ஊத ஆளில்லைங்க. அதான் பார்த்தேன்" என்றார். நான் அந்தச் சொல்லின் பொருளை உணரவில்லை. ஆர்மோனியம் இருக்கிறதே என்று விடை கூறி அனுப்பினேன்.

மாணவன் அதன்பின் உறங்கவில்லை. நல்ல மதிப்பெண் பெற்றான், கல்லூரி சென்றான், அரசு அலுவலகம் ஒன்றில் பணியில் அமர்ந்தான். ஆசிரியர் கூட்டங்களில் அவனை எடுத்துக்காட்டாகக் கூறிப் பெருமையடைந்தேன். ஒரு பிள்ளை படித்து முன்னேறியது நன்மையே. அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் படிப்பையும் குழலையும் ஒரு தராசின் இரு தட்டுகளில் வைத்து, ஒன்று ஏற மற்றொன்று இறங்கவேண்டும் என்று தீர்ப்புக் கூறியவன் நான். கோடை விடுமுறையில் ஊதட்டும், பள்ளி நாளில் படிக்கட்டும் என்று கூற எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தந்தை சில ஆண்டுகளில் காலமானார். அக்குழுவின் விசுப்பலகையில் ஆர்மோனியம் மட்டும் எஞ்சியது. நான் ஆண்டுதோறும் அக்கூத்தைக் கண்டுவந்தேன். எதுவோ குறைகிறது என்று தோன்றியதே ஒழிய, குறைந்தது யாது என்று கண்டுகொள்ளவில்லை. இசைக்கருவிகளை வகைப்படுத்தக் கற்பித்தவனுக்கே இந்த நிலை!

முகவீணை முற்றும் அழிந்துவிட்டது என்று நேயர்கள் எண்ண வேண்டா. செய்யாறு வட்டத்துப் புரிசையில் தம்பிரான் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கூத்தைப் பேணி வந்துள்ளனர். 1977இல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை நகரத்தாரின் கவனத்தைக் கூத்தின்பால் திருப்பிற்று. காஞ்சிபுரம் பகுதியில் 1990இல் கூத்துக் கலைஞர்கள் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தனர். அதன் சார்பில் 2002இல் தொடங்கிய குருகுலம், பிள்ளைகளுக்குப் பள்ளிப்படிப்பையும் கூத்தையும் ஒருங்கே கற்பித்தது, பெண்பிள்ளைகளுக்கும் இடமளித்தது. அக்குருகுலம் 2020இல் மூடப்பட்டது. ஆயினும், நான் இரு தட்டுகளில் வைத்தவற்றை ஒரே தட்டில் வைக்க முடியும் என்று அது செய்து காட்டிவிட்டது. அச்செய்தியை அறிந்தபோதுதான் 1996ஆம் ஆண்டு என் நெஞ்சை உறுத்தத் தொடங்கிற்று.

சென்ற ஆண்டு எங்கள் ஊர்த் திருவிழாக் குழுவிற்கு என்னைத் தலைவனாக்கினர். கூத்துக் குழுவிற்கு வெற்றிலை பாக்குடன் அச்சாரம் கொடுக்கும் நாளில், இன்ன தேதி, இன்ன கூத்து, இவ்வளவு தொகை என்று ஒரு சீட்டு எழுதுவது வழக்கம். அச்சீட்டை எழுதும்போது, "முகவீணை உட்பட" என்று இரண்டு சொற்களைச் சேர்த்தேன். குழுவின் வாத்தியார் திகைத்தார். "ஆள் கிடையாதுங்களே" என்றார். எங்கள் இளைஞர்களும், "மைக் செட்டு இருக்கும்போது பீப்பீ எதற்குங்க ஐயா?" என்றனர். எழுதிய சொல்லை அடிக்க நான் ஒப்பவில்லை. வாத்தியார் பல ஊர்களில் விசாரித்து, செய்யாற்றுக்கு அப்பாலிருந்து ஒரு முதியவரை அழைத்துவந்தார். அதற்கான கூடுதல் தொகையை இளைஞர்களே முகம் சுளித்தவாறு வசூல் செய்தனர்.

அன்றிரவு துகிலுரிதல். திரௌபதியின் குரல் நின்ற இடத்தில் முதியவர் ஊதினார். ஒலிபெருக்கியின்முன் அமரச் சொன்னதற்கு அவர் இணங்கவில்லை. சற்று ஒதுங்கி நின்றே ஊதினார். வசூல் செய்த இளைஞர்கள் கைப்பேசியை மடக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து அமர்ந்ததைக் கண்டேன். என் வயதொத்த அம்மையார் ஒருவர், "இன்னைக்குத்தான் பழைய கூத்து கேட்டாப்பல இருக்குது" என்றார்.

கூட்டத்தின் ஓரத்தில் என் பழைய மாணவன் நின்றிருந்தான். நாற்பது வயதைக் கடந்தவன். நான் சொல்லியனுப்பி வந்தவன். விடியற்காலைத் தேநீர் வேளையில் விசுப்பலகையருகே சென்று, முதியவரிடம் குழலைக் கேட்டு வாங்கினான். விரல்கள் துளைகளைத் தாமே தேடி அமர்ந்தன. ஊதினான், கீச்சென்று ஓர் ஒலியே எழுந்தது. மறுமுறையும் அவ்வாறே. முதியவர் நகைத்து, "மூச்சு இருக்குது தம்பி, உதடுதான் மறந்துபோச்சு. பழகினா வரும்" என்றார். அவன் குழலைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "நீங்க எந்த ஊருங்க ஐயா? ஞாயிற்றுக்கிழமையில் வந்தா இருப்பீங்களா?" என்று கேட்டான். பின்பு என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் இம்முறை அறிவுரை ஒன்றும் கூறவில்லை.

நேயர்களே! ஒரு கருவியைக் காக்க அருங்காட்சியகம் வேண்டும், ஆராய்ச்சி வேண்டும், அரசின் நிதி வேண்டும் என்று நாம் பேசுகிறோம். அவை யாவும் வேண்டுவனவே. ஆனால் ஹெக்கல்போனைக் காத்தது அதன் பெயர் ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருந்ததாகும். கூத்துக்கு அத்தகைய ஏடு இன்று ஒன்றே ஒன்று உண்டு. அது நாம் எழுதும் அச்சாரச் சீட்டு. உங்கள் ஊரில் கூத்து நடத்தும் குழுவில் நீங்கள் இருப்பீராயின், இவ்வாண்டுச் சீட்டில் முகவீணை என்னும் சொல்லையும் எழுதுங்கள். ஊதுபவர் கிடைப்பதும் கிடையாததும் பிறகு. இடம் ஒன்று காலியாக இருக்கிறது என்பதையாவது ஊரார் அறியட்டும்.